பயன்படுத்துவோர்: ஒருவர்

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபதுக்கு, ஆற்றுப்பாலத்தைத் தாண்டிய நெடுஞ்சாலையில், பதினான்காவது கிலோமீட்டர் கல்லுக்கு எதிரே ஒரு ரோட் சைக்கிளின் பின்கியர் கம்பி அறுந்தது.

அறுந்த இடம் வலது கைப்பிடியில் இருக்கும், கியர் மாற்றும் ஷிஃப்டருக்குள். கம்பியின் தலை அதன் பற்களுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது. செயின் ஆகச் சிறிய பல்சக்கரத்தில் விழுந்து, இனி அசையமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. ஓட்டிவந்தவனுக்கு வயது நாற்பத்தாறு. கட்டடங்களின் லிஃப்டுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருவது அவன் வேலை. கூட வந்த ஐந்து பேரும் நின்றார்கள். அவர்களில் மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன பரிசோதகரே, ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் கையெழுத்துப் போடறீங்க, உங்க வண்டி நடுமாடியில நின்னுடுச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு ஐந்து பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள். அந்தக் கூட்டத்தின் வழக்கம் அது: பஞ்சர் ஆனால் காத்திருப்பார்கள், கியர் போனால் காத்திருக்கமாட்டார்கள். ஒரே கியரில் பதினான்கு கிலோமீட்டர் மிதித்து அவன் வீடு வந்து சேர்ந்தபோது தொடை இரண்டும் கட்டையாகியிருந்தன.

மனைவி சமையலறை மேசையில் நாளிதழை விரித்துவைத்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க ஒரு விளக்கின் கீழே குனிந்து, நீல மெழுகில் பல்லின் வடிவத்தைச் செதுக்குவாள். இம்மி தப்பினாலும் எங்கோ ஒருவருக்கு ஒருவாய் நிம்மதியாகச் சாப்பிட முடியாமல் போகும் என்பாள்.

"சீக்கிரம் வந்துட்டீங்க. விழுந்தீங்களா?"

"இல்ல. கியர் கம்பி அறுந்துபோச்சு."

"பன்னிரண்டு வருஷம் ஆச்சே. அதுவும் எவ்வளவுதான் தாங்கும்?" நாளிதழை மடித்தாள். "இங்க பாருங்க. பாகத்தை மாத்தறதா, புதுசு வாங்கறதான்னு ரெண்டு வருஷமா அரைச்ச மாவையே அரைச்சுக்கிட்டு இருக்கீங்க. புதுசு வாங்கிடுங்க. இதை எனக்குக் குடுத்துடுங்க. நானும் ஞாயித்துக்கிழமை உங்ககூட வர்றேன்."

"இதையா?"

"ஏன், எட்டாதா எனக்கு?"

எட்டும். இருவரும் ஒரே உயரம். கல்யாணத்தில் புகைப்படக்காரர் அவனைச் செங்கல்மேல் நிற்கச் சொன்னது இன்றைக்கும் உறவினர் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் நகைச்சுவை.

"பாக்கலாம்" என்றான்.

கல்லூரிப் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அம்மா, அப்பா 'பாக்கலாம்'னுட்டாரு. நீ வேற வேலையைப் பாரு."

*

சைக்கிள் கடைக்காரரைக் கிராம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கல்லாவுக்குப் பக்கத்தில் நகைக்கடைத் தராசு ஒன்று வைத்திருந்தார். கடைக்குள் நுழையும் எதையும், திருகாணி முதல் வாடிக்கையாளரின் தண்ணீர்க் குப்பி வரை, எடைபோட்டுப் பார்க்காமல் விடமாட்டார். ஒருமுறை ஒருவரின் மூக்குக்கண்ணாடியை எடைபோட்டு, "இருபத்தெட்டு கிராம் சார், ஏத்தத்துல கழட்டிடுங்க" என்று சொன்னவர்.

ஷிஃப்டரைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒன்பது கியர் ஷிஃப்டர் இப்ப புதுசா வர்றதில்ல. பதினொண்ணுதான். அதைப் போட்டா பின்னாடி பல்சக்கரம் மாத்தணும். அதை மாத்தினா செயின். செயின் மாத்தினா முன்னாடி மிதிக்கற கிராங்க். பல்லு ஒண்ணு ஆடுதுன்னு போயி தாடையையே கழட்டின கதைதான்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா புதுசு. கார்பன் ஃப்ரேம், டிஸ்க் பிரேக், எட்டுக் கிலோகூட இருக்காது. இந்த வண்டிக்கு எங்கயாவது ஒரு பழைய ஷிஃப்டரைத் தேடிப்பிடிச்சுப் போட்டுத் தர்றேன். ஓடும். வீட்ல யாராவது ஓட்டட்டும்."

"வீட்ல யாரு ஓட்டப்போறா?" என்றான் அவன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. மனைவி கேட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை.

அலுவலகத்தில் அவனுக்கு ஒரு படிவம் உண்டு. எந்த லிஃப்டைப் பார்க்கப் போனாலும் அதை நிரப்பாமல் முடிவு சொல்லமாட்டான். நிறுவிய ஆண்டு, தாங்கும் எடை, தேய்மானம், உதிரிப்பாகம் கிடைக்குமா, பயன்படுத்துவோர் எத்தனை பேர். அடியில் மூன்று கட்டங்கள்: பழுது பார்க்கலாம், பாகங்களை மாற்றலாம், முழுவதும் மாற்ற வேண்டும். ஏதாவது ஒன்றில் குறியிட வேண்டும். கட்டட உரிமையாளர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்கு அரைமணியில் பதில் எழுதிவிட்டு வந்துவிடுவான். எல்லாவற்றிலும் முக்கியமானது அந்த ஐந்தாவது வரிதான் என்று உரிமையாளர்களிடம் சொல்வான். "இரும்பைப் பத்தி நான் பாத்துக்கறேன். இதுல யார் யார் ஏறி இறங்கறாங்க, அதைச் சரியாச் சொல்லுங்க."

புதன்கிழமை மாலை அந்தப் படிவத்தின் நகல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து சைக்கிளுக்காக நிரப்பினான். பாதி விளையாட்டு, பாதி நிஜம். ஃப்ரேமில் விரிசல் இல்லை. தேய்மானம் கியரில் மட்டும். உதிரிப்பாகம் கிடைக்கும். பயன்படுத்துவோர் என்ற இடத்தில் "ஒருவர்" என்று எழுதினான். நடுக்கட்டத்தில் குறி போட்டான்: பாகங்களை மாற்றலாம்.

தாள் மேசையிலேயே கிடந்தது. காலையில் அதை எடுத்தபோது ஓரத்தில் டீக்கோப்பையின் வட்டக்கறை ஒன்று இருந்தது. வேறு நல்ல தாளில் எழுதியிருக்கலாமே என்று மட்டும் நினைத்துக்கொண்டு பையில் வைத்தான்.

கேட்டால் அவனிடம் காரணங்கள் இருந்தன. நல்ல ஃப்ரேமை ஒதுக்குவானேன், கைக்குப் பழகிய வண்டி, புதியது வந்தால் வைக்க இடமேது. ஒவ்வொன்றும் சரியான காரணம்தான். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறையில் ஏரிக்கரையில் ஆளுக்கொரு வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் நின்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. நான்காவது திருப்பத்தில் அவள் முகம் சிவந்து, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே வந்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அதற்குமேல் சிரிக்கவில்லை.

*

ஏப்ரலில் கியர்கள் மாறின. வீட்டுக்குக் கொண்டுவந்து, இருக்கையைத் தாங்கும் தண்டை உருவித் துடைத்தபோது அதில் நீலமாக ஒரு கோடு கண்ணில் பட்டது. இருக்கையை அப்போதிருந்த உயரத்திலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றினால் பொருந்துகிற இடத்தில், மயிரிழை போல மெல்லியதாக, அளந்து போட்டது மாதிரி. கிராம் ஏதோ குறித்துவைத்திருக்கிறார் என்று நினைத்தான். ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டான்.

மே மாதம் செருப்பு அலமாரியின் மேல் ஒரு புதிய ஹெல்மெட் இருந்தது. வெள்ளை நிறம், சின்ன அளவு.

"இது யாருக்கு?"

"தள்ளுபடியில கிடைச்சுது" என்றாள் மனைவி. "இருக்கட்டும். பாக்கலாம்."

மகள் சிரிக்கவில்லை. அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஜூனில் சக்கரங்கள் மாறின. ஆகஸ்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க். பழையது அலுமினியம், கிராம் கொண்டுவந்தது கார்பன். தராசில் வைத்து, "முந்நூத்தி நாப்பது கிராம் குறையுது சார், ஒரு உழக்குத் தண்ணிய இறக்கி வெச்ச மாதிரி" என்று பூரித்தார்.

புதிய ஃபோர்க்கின் மேல்தண்டு நீளமாக வரும். ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்ப அதை அறுக்க வேண்டும். தண்டை நீளமாக விட்டு, இடையில் வளையங்களைக் கோத்தால் கைப்பிடி உயரே நிற்கும், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். அடியோடு அறுத்தால் கைப்பிடி தாழ்ந்து, முதுகு தரைக்குச் சமமாக வளையும். காற்று எதிர்க்காது, பார்க்கப் பந்தய வண்டி போல இருக்கும். வளையங்கள் அடுக்கிய வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புகைபோக்கி என்று பெயர். பன்னிரண்டு வருடமாக அவன் வண்டி புகைபோக்கியாகவே இருந்தது. "சமையல் ஆச்சா பரிசோதகரே?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்காத வாரம் இல்லை.

கிராம் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "மூணு சென்டிமீட்டர் விட்டு அறுக்கட்டுமா? வளையம் போட்டுக்கலாம். நாளைக்கு இன்னொருத்தர் ஓட்டறதுன்னாலும் ஏத்தி இறக்க வசதி."

"வேண்டாம். அடியோட அறுத்துடுங்க."

"அறுத்தா ஒட்டாது சார்."

"தெரியாதா எனக்கு? அறுங்க."

லிஃப்டுக்குப் புதிய கயிறு மாட்டும்போது அரைமீட்டர் விட்டு வெட்டச் சொல்பவன் அவன். வெட்டிய துண்டு சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. கிராம் அதையும் எடுத்து எடைபோட்டார். பதினாறு கிராம்.

"பழைய ஃபோர்க்கை எடுத்துக்கிட்டுப் போறீங்களா?"

"வீட்டுல எதுக்கு? யாருக்காவது போட்டுக் குடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "அடடே! இப்பதான் வண்டி." அந்த ஒரு சொல்லில் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்றைக்குப் பாலத்து ஏற்றத்தில் முதல் ஆளாக மேலேறினான். இதை வீட்டில் வந்து சொன்னான். மனைவி, "நல்லது" என்றாள். ஒரு கையால் கழுத்தின் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் அந்தக் கழுத்துக்குப் படம் எடுத்தார்கள். இருபது வருடம் விளக்கின் கீழே குனிந்ததன் கணக்கு. மருத்துவர் வேலை மேசையை உயர்த்தச் சொன்னார். தலையணையை மாற்றச் சொன்னார். குனிந்தபடி கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற எந்த வேலையும் கூடாது என்றார்.

*

அந்த ஆண்டின் கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்தது. பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒருவருக்கு மாற்றல் வந்தது. இன்னொருவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மற்ற இருவர் வீட்டுக்குள்ளேயே மிதிக்கும் எந்திரம் வாங்கி, திரையில் மலைகளைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். மருந்துக்கடைக்காரருக்கு முட்டி போயிற்று. "கடை முழுக்க மாத்திரை, ஒண்ணும் கேக்கமாட்டேங்குது" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு அவரும் வருவதை நிறுத்தினார்.

டிசம்பரில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் தனியாகப் போனான். பாலத்தின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தான். வருவதற்கு யாரும் இல்லை. வழக்கமான டீக்கடையில் டீ கொடுப்பவர், "ஒண்ணா?" என்று கேட்டார். ஒன்றுதான். ஏரிக்கரையின் நான்காவது திருப்பம் அங்கேதான் அவன் நினைவுக்கு வந்தது. அவன் அன்று கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி இரண்டாம் வாரம் புதிய சைக்கிள் வாங்கினான். டிஸ்க் பிரேக், கார்பன் ஃப்ரேம். "மார்ச்லயே சொன்னேனே சார்" என்றார் கிராம், குரலில் குறை இல்லாமல். பழைய வண்டியில் புதிதாய்ப் போட்டவற்றில் எதையும் இதற்கு மாற்ற முடியாது. சக்கரத்தின் அச்சே வேறு. பரவாயில்லை என்றான். மனத்தில் வேறு கணக்கு இருந்தது. அவளுக்குக் கிடைக்கப்போவது கம்பி மட்டும் மாற்றிய பழைய வண்டி அல்ல. ஃப்ரேமைத் தவிர எல்லாம் புதிது.

சனிக்கிழமை காலை பழைய வண்டியைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, வாசலில் நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டான். வெள்ளை ஹெல்மெட்டையும் அலமாரியிலிருந்து எடுத்துவைத்திருந்தான்.

"இனிமே இது உன்னோடது. நாளைக்கு ரெண்டு பேரும் போறோம்."

அவள் வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டாள். இருக்கையைப் பார்த்தவுடன், "இது இன்னும் ரெண்டு விரல் ஏறணும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"கோடு போட்டு வெச்சிருந்தேனே."

"என்ன கோடு?"

"ஏப்ரல் மாசம் நீங்க வேலைக்குப் போனதும் கீழ வண்டி நிறுத்தற இடத்துல நாலு நாள் ஓட்டிப் பாத்தேன். என் காலு உங்க காலைவிட நீளம். சரியா எந்த இடம்னு அளந்து, கூடத்துல இருந்து கொண்டுவந்த மெழுகால குறிச்சு வெச்சேன். அப்புறம் பாத்தா காணோம்."

ஸ்பிரிட் துணியின் வாசனை அவன் மூக்கில் ஏறியது. குனிந்து இருக்கையை ஏற்றுவதில் மும்முரமானான். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. கோடு இருந்த இடம் துல்லியமாக நினைவிருந்தது.

அவள் ஏறினாள். இருக்கை உயர்ந்ததும் கைப்பிடி இன்னும் தாழ்ந்துபோனது போலிருந்தது. கையை நீட்டிப் பிடித்ததும் உடம்பு முன்னால் மடிந்தது. பாதையைப் பார்க்கத் தலையைத் தூக்கினாள். தெருமுனை வரை போனாள். திரும்பி வரும்போது ஒரு கையை விட்டு உதறிக்கொண்டே வந்தாள்.

"விரல் மரத்துப்போகுது. கைப்பிடியை ஏத்த முடியுமா?"

கடைக்கு எடுத்துப்போனார்கள். கிராம் மேல்நோக்கி வளைந்த ஓர் இணைப்பைப் போட்டுப் பார்த்தார். வண்டி ஒட்டகச்சிவிங்கி போல ஆனது. அவளுக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் கிடைத்தது. ஏறிப் பார்த்து இறங்கிவிட்டாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"தண்டு இருந்தா மூணு சென்டிமீட்டர் வளையமும் சேத்து அஞ்சு சென்டிமீட்டர் ஏத்தியிருக்கலாம்மா" என்றார் கிராம். "அடியோட அறுத்தாச்சு."

"பழைய ஃபோர்க்?" என்றான் அவன்.

"நீங்கதானே யாருக்காவது குடுக்கச் சொன்னீங்க? அப்பவே போட்டாச்சு சார். இந்த ஃப்ரேமுக்கு வேற ஒண்ணு தேடறதுன்னா மூணு மாசமாவது ஆகும். வந்தாலும் அம்மா கழுத்துக்கு இந்த மாதிரி வளைஞ்ச கைப்பிடியே ஒத்துவருமா தெரியல. போன வருஷம்னா பழக்கிக்கிட்டே வந்திருக்கலாம்."

திரும்பும் வழியில் வண்டியை அவன் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தாள். மூடியிருந்த தபால் நிலையத்தைத் தாண்டினார்கள்.

"உனக்குன்னே புதுசா ஒண்ணு வாங்கிடலாம்" என்றான். "நேர் கைப்பிடி. நிமிந்து உக்காந்து ஓட்டற மாதிரி."

"வேண்டாங்க."

"நான் மெதுவாத்தான் போவேன். எங்க வேணா நிப்பேன்."

"தெரியும். இப்ப நிப்பீங்க." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனை என்னவோ செய்தது. "சைக்கிள் வேணும்னு நான் ஆசைப்படலையே. ஞாயித்துக்கிழமை உங்ககூட வரணும்னுதான் கேட்டேன். அப்ப கழுத்து நல்லா இருந்துச்சு. நீங்க பேப்பர்ல 'ஒருவர்'னு எழுதி மேசைமேல வெச்சிருந்தீங்க."

"அது சும்மா விளையாட்டுக்கு..."

"நானும் அப்படித்தான் நெனைச்சு ஹெல்மெட் வாங்கினேன்." சாலையைக் கடக்க நின்றாள். "நீங்க கைப்பிடியைத் தாழ்த்திட்டு வந்து, முதல் ஆளா ஏறினேன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்குத்தான் விட்டேன். எனக்கு இப்ப வேற ஏற்பாடு ஆயிடுச்சு. மருத்துவர் நீந்தச் சொன்னாரு. கூடத்துல இருந்து மூணு பேர் போறோம். ஞாயித்துக்கிழமை காலையில."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வந்தது ஒரு கேள்விதான். "எத்தனை மணிக்கு?"

"ஆறரை. நீங்க அதுக்குள்ள பாலத்தைத் தாண்டியிருப்பீங்க."

அவள் சாலையைக் கடந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் பின்னால் போனான். புதிய செயின் சத்தமே இல்லாமல் சுற்றியது.

பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பழைய சைக்கிள் விற்கப்பட்டது. வாங்கியவர் ஒரு மின்வாரிய ஊழியர், திருமணமாகாதவர். கைப்பிடியின் உயரம் தனக்குக் கனகச்சிதமாக இருக்கிறது என்றார். தங்கைக்கு ஆகும் என்று வெள்ளை ஹெல்மெட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. மனைவி ஒன்பதே காலுக்கு ஈரத்தலையோடு நீச்சல் குளத்திலிருந்து திரும்பினாள்.